துப்பாக்கி வாங்குவதற்கு முன் பூட்டு வாங்குங்கள்!

தோட்டத்து வீட்டில் தனியாக வசிக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு... உரிமம், தேர்வு, பாதுகாப்பு பற்றிய முழுமையான வழிகாட்டி

‘நானும் மனைவியும் மட்டும்தான் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில். பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துப்பாக்கி வாங்கலாமா? உரிமம் கிடைக்குமா? எந்தத் துப்பாக்கி நல்லது?’

நம் கேள்வி பதில் பகுதிக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. குறிப்பாக, கொங்கு மண்டல வாசகர்களிடமிருந்து. காரணம் எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தோட்டத்து வீட்டில் வசித்த வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. அதற்குப் பிறகு, இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்காரும் குடும்பங்கள் பல.

இந்தப் பயம் நியாயமானது. அதனால் கேள்வியையும் நேராகவே எடுத்துக்கொள்வோம். ஆனால், ‘எந்தத் துப்பாக்கி?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘அதை எங்கே, எப்படிப் பூட்டி வைக்கப்போகிறோம்?’ என்பதுதான் முதல் கேள்வி. ஏன் என்பதற்கு ஒரு விவசாயியின் அனுபவத்தைக் கேளுங்கள்.

‘‘அப்புச்சி, சுட்டுப்புட்டேன்!’’

காங்கேயம் பக்கத்தில் தென்னையும் கொறங்காடுமாக விவசாயம் பார்க்கும் அந்தப் பெரியவரிடம் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. ஊர், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துப்பாக்கி இருப்பது வெளியே தெரிந்தால், அதற்காகவே திருடன் வருவான் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கும்கூட.

‘‘எங்கய்யன் காலத்துல இருந்து இருக்குதுங்க தம்பி. பீரோவுக்குப் பின்னால சாத்தி வெச்சிருப்போம். தோட்டா ரெண்டு உள்ளயே கெடக்கும். அவசரத்துக்கு எடுக்கோணுமில்லீங்க... அப்படித்தான் வழக்கம். ஒரு மே மாசம் மக ஊட்டுப் பசங்க லீவுக்கு வந்திருந்தாங்க. அன்னிக்குக் காலையிலதான் துடைக்கறதுக்குன்னு தோட்டாவைக் கழட்டிட்டு, எண்ணெய் போட்டு மறுபடியும் பீரோவுக்குப் பின்னால வெச்சேன். தோட்டாவைப் போட மறந்துட்டேனுங்க. மத்தியானம் கட்டுத்தாரையில இருந்து வர்றேன்... எட்டு வயசுப் பேரன் அதைத் தூக்கிட்டு, தங்கச்சி நெஞ்சுக்கு நேரா புடிச்சு, ரெண்டு விசையையும் இழுத்துப்போட்டு, ‘அப்புச்சி, சுட்டுப்புட்டேன்’னு சிரிக்கிறான்.’’

பேச்சை நிறுத்திவிட்டு, மாடுகள் பக்கம் பார்த்தபடி சிறிது நேரம் இருந்தார்.

‘‘நான் மறந்ததாலதானுங்க அந்தப் புள்ள இன்னிக்குக் காலேஜ் போகுது. நெனவா இருந்திருந்தா..? அன்னிக்குச் சாயங்காலமே காங்கேயத்துக்குப் போயி இரும்புப் பொட்டிக்குச் சொல்லிட்டு வந்தேன். எத்தனையோ வருசம் திருடன் வருவான்னு தோட்டா போட்டு வெச்சிருந்தோம். ஒரு நாளும் திருடன் வரலை. பேரன்தான் வந்தான்.’’

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பூட்டாத துப்பாக்கியை முதலில் எடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்களே. குழந்தையாக இருக்கலாம், குடித்துவிட்டு வந்தவராக இருக்கலாம், மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.

முதலில் வீட்டைக் காப்பாற்றுங்கள்

துப்பாக்கி என்பது கடைசி வேலி. அதற்கு முன்னால் உள்ள வேலிகள் சரியாக இல்லையென்றால், துப்பாக்கி இருந்தும் பயனில்லை. தூக்கத்தில் இருப்பவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பவனை எந்தத் துப்பாக்கியும் தடுக்காது. உங்களுக்குத் தேவை நேரம். அந்த நேரத்தை வாங்கித்தருபவை இவைதான்.

நாய்: ஒன்று போதாது. இரண்டு நாட்டு நாய்கள் இருக்கட்டும். ஒன்றைக் கட்டி வைத்தாலும் மற்றொன்று அவிழ்ந்திருக்க வேண்டும். வெளியாட்கள் போடும் தீனியைத் தின்னாமல் பழக்குங்கள். திடீரென நாய் செத்துப்போனால் ‘ஏதோ பூச்சி கடித்திருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். அன்றே காவல் நிலையத்திலும் அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள். கினிக்கோழி, வாத்து வளர்ப்பவர்களுக்கு அவை கூடுதல் காவல். புது ஆள் நுழைந்தால் ஊரைக் கூட்டிவிடும்.

கதவு: வாசலில் இரும்பு கிரில் கதவு, உள்ளே மரக்கதவு என இரண்டு அடுக்கு. படுக்கை அறைக்கும் உள்தாழ்ப்பாள் கெட்டியாக இருக்கட்டும். கோடையில் திண்ணையிலும் களத்திலும் கட்டில் போட்டுத் தூங்கும் பழக்கத்தை, தனியாக இருப்பவர்கள் விட்டுவிடுவது நல்லது.

வெளிச்சம்: நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் சென்சார் விளக்குகளை வீட்டின் நான்கு மூலையிலும் மாட்டுங்கள். மின்சாரம் போனாலும் எரியும் சோலார் விளக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

தொடர்பு: 100, 112 ஆகிய எண்கள் போனில் முதலில் இருக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் அவசர பட்டனை அழுத்தினால், நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சைரன் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒரு வீட்டில் ஒலித்தால் மற்ற வீடுகளில் விளக்கு எரிய வேண்டும் என்பது உடன்பாடு.

நகை, பணம்: தேங்காய் விற்ற பணமும் பவுனும் வீட்டில் இருக்கிறது என்ற பேச்சே ஆளை வரவழைக்கும். வங்கி லாக்கரில் வையுங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் துப்பாக்கி தேவை என்று தோன்றினால், மேலே படியுங்கள்.

உரிமம்... யாரிடம், எப்படி?

துப்பாக்கி விஷயத்தில் அடிப்படை, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும், மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு, உடலும் மனமும் நலமாக இருப்பதற்கும் போதைப் பழக்கம் இல்லை என்பதற்கும் மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன், பாதுகாப்பாகப் பயன்படுத்துவேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சியையும் விதிகள் கேட்கின்றன. உங்கள் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் விசாரியுங்கள்.

விண்ணப்பம் போனதும், உங்கள் பகுதி காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கப்படும். ஏன் தேவை என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது, அருகில் நடந்த திருட்டுகள், நீங்கள் ஏற்கெனவே கொடுத்த புகாரின் ரசீது போன்றவை உதவும். போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ள முடியும். உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தப்பட்டது. காலாவதி தேதியை, பயிர்க்கடன் தவணை தேதியைப்போல நினைவில் வையுங்கள். காலாவதியான உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பது, உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்குச் சமம்.

‘உரிமத்துக்கு அலைய முடியாது, பட்டறையில் சொல்லி நாட்டுத் துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. தவிர, பட்டறையில் சாதாரண இரும்புக் குழாயில் செய்த துப்பாக்கி எப்போது வெடித்து, சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கும் என்று சொல்ல முடியாது.

எந்தத் துப்பாக்கி?

குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ள, 20 அங்குலத்துக்குக் குறையாத நீளம் கொண்ட துப்பாக்கியைத் தற்காப்புக்காகக் கேட்பவர்களுக்கு, ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவு ஓரளவு எளிதான வழி வைத்திருக்கிறது. ரிவால்வர், பிஸ்டல், ரைஃபிள் போன்றவற்றுக்கு ‘தகுந்த காரணம் இருக்கிறது’ என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். எனவே, தோட்டத்து வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் நான்கு வகைகளைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

குழல் வாயில் மருந்து இடிக்கும் பழைய வகை: மருந்தையும் பால்ரஸையும் குழலின் வாய் வழியாகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். சட்டம் இதைப் பயிர்ப் பாதுகாப்புக்கு என்றுதான் குறிப்பிடுகிறது. வீட்டுக் காவலுக்கு ஆகாது. நிரப்ப நேரம் பிடிக்கும். நிரப்பியே வைத்தால் ஆபத்து. சுடாமல் மருந்தை வெளியே எடுப்பதும் சிரமம். மழைக்காலத்தில் மருந்து நமுத்துவிடும்.

12 போர் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல்: நடுவில் மடக்கித் திறந்து, தோட்டாவைக் கையால் போடும் வகை. விவசாயக் குடும்பத்துக்கு ஏற்றது இதுதான். இதன் பெரிய நன்மை, உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது திறந்து பார்த்ததும் தெரிந்துவிடும். திறந்த நிலையில் சுடவே முடியாது. பாகங்கள் குறைவு என்பதால் பழுதும் குறைவு. சுமார் 3 கிலோ எடை இருக்கும். பெண்களும் வயதானவர்களும் தோளில் வைத்துத் தூக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பம்ப் ஆக்‌ஷன்: இதுவும் 12 போர்தான். அடிக்குழாயில் பல தோட்டாக்கள் நிற்கும். முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். கூடுதலாகப் பயிற்சி வேண்டும். அறையில் உள்ள தோட்டாவை எடுத்த பிறகும் அடிக்குழாயில் தோட்டா இருக்கும். ‘காலி’ என்று நினைத்து ஏமாறும் வாய்ப்பு இதில் அதிகம்.

ரிவால்வர்: சிறியது, கைக்கு அடக்கம். அதுதான் அதன் கெடுதலும். தலையணைக்குக் கீழ், மேஜை டிராயர் என்று வைக்கத் தோன்றும். குழந்தை கைக்கும் அடக்கம், திருடன் மடிக்கும் அடக்கம். குறி தப்பாமல் சுட, நான்கிலும் அதிகப் பயிற்சி கேட்பது இதுதான். தொடர்ந்து பயிற்சி எடுக்க முடியாதவர்கள் தவிர்ப்பது நல்லது.

தாத்தா காலத்துத் துப்பாக்கியா?

பல வீடுகளில் பழைய இரட்டைக் குழல் இருக்கும். அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மூன்று விஷயங்களை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

முதலாவது, குழலின் வகை. இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய குழல்கள் கரிமருந்துக் காலத்தவை. சுருள் சுருளாகக் கோடு தெரியும். இப்போதைய தோட்டாக்களின் வேகத்தை அவை தாங்காது. இரண்டாவது, தோட்டா அமரும் அறையின் நீளம். பழைய துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. இப்போது பரவலாக உள்ளவை 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா உள்ளே போய்விடும். ஆனால், சுடும்போது அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் கூடும். மூன்றாவது, மடக்கும் இடத்தில் ஆட்டம். குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே சந்து தெரிந்தால் அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.

பெட்டி, பூட்டு, சாவி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். காங்கேயம் பெரியவர் செய்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. அப்படியே பின்பற்றலாம்.

படுக்கை அறைச் சுவரில், கனமான இரும்புத் தகட்டில் செய்த நீளப் பெட்டி. நான்கு போல்ட்டுகள் சுவருக்குள் இறங்கியிருக்கின்றன. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போக முடியாது. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை. வெளிப்பக்கம் பூட்டு தொங்கவில்லை; உள்பூட்டுதான். எண்களை அழுத்தித் திறக்கும் பெட்டியும் வாங்கலாம். பேரன் பேத்தியின் பிறந்தநாளை மட்டும் எண்ணாக வைக்காதீர்கள். அதைத்தான் அவர்கள் முதலில் அழுத்திப் பார்ப்பார்கள்.

உள்ளே துப்பாக்கி காலியாக இருக்கிறது. தோட்டாக்கள் வேறு பூட்டுள்ள சிறிய பெட்டியில் இருக்கின்றன. வெளியூர் போகும்போது இன்னொரு வேலையும் செய்கிறார். இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கருவி இல்லாமலே மூன்றாகப் பிரிக்கலாம். குழல், அடிக்கட்டை, குழலுக்கு அடியில் இடதுகை பிடிக்கும் முன்கட்டை. அதில் முன்கட்டையைக் கழற்றித் தனியாகப் பூட்டிவிடுகிறார். அந்தத் துண்டு இல்லாமல் துப்பாக்கி சரியாகப் பூட்டி நிற்காது. திருடினாலும் முழுத் துப்பாக்கி கிடைக்காது.

சாவி எங்கே? சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், பீரோ மேல்... இந்த மூன்று இடமும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ‘‘அரைஞாண் கவுத்துல கட்டிப்போட்டேனுங்க. குளிச்சாலும் தூங்குனாலும் என் மேலயே இருக்கும்’’ என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். இதைவிட நல்ல இடம் நமக்கும் தெரியவில்லை.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். உரம், பூச்சிக்கொல்லி வைக்கும் அறையில் துப்பாக்கியை வைக்காதீர்கள். ஈரமும் உரத்தின் காரமும் குழலை அரித்துவிடும். துணி உறை, தோல் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தால், உறை ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். மெல்லிய எண்ணெய் பூசி, உறையில்லாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து, குழல் வழியாக வெளிச்சம் பாருங்கள். குளவி கூடு கட்டியிருந்தாலும், துணித் துண்டு மாட்டியிருந்தாலும் சுடும்போது குழல் வெடிக்கும். உப்பியது, பச்சை படிந்தது, நனைந்தது என எந்தத் தோட்டாவையும் பயன்படுத்தாதீர்கள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கேட்டு, முறைப்படி அகற்றுங்கள்.

‘பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எப்படி எடுப்பது?’

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பெட்டியைத் திறந்து, தோட்டாவை எடுத்துப் போட ஒரு நிமிடம் ஆகும் என்று வையுங்கள். அந்த ஒரு நிமிடத்தைத் தரவேண்டியது நாயும், கிரில் கதவும், விளக்கும்தான். அவை அந்த ஒரு நிமிடத்தைத் தராது என்றால், சரிசெய்ய வேண்டியது அவற்றை. அதற்குப் பதிலாகத் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால், வருடத்தில் 365 நாளும் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆபத்து.

இரவில் சத்தம் கேட்டால் வரிசை இதுதான். வீட்டில் உள்ள எல்லோரையும் உள்தாழ்ப்பாள் உள்ள அறைக்குள் கொண்டு வாருங்கள். கதவைத் தாழிடுங்கள். வெளி விளக்குகளைப் போடுங்கள். 100 அல்லது 112-க்குப் பேசுங்கள். சைரனை அழுத்துங்கள். பெட்டியைத் திறப்பது அதற்குப் பிறகு. துப்பாக்கியோடு வெளியே தேடிப் போகாதீர்கள். வெளியே இருப்பவன் எத்தனை பேர், எங்கே நிற்கிறான் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கையில் விளக்கு இருந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

இருட்டில் நடமாடுவது யார்?

நம் விவசாயிகளுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். மும்முனை மின்சாரம் இரவில் வந்தால், மோட்டார் போடவும் மடை மாற்றவும் இரவிலேதான் போக வேண்டும். மகன் போவார், பண்ணையாள் போவார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாய்க்கால் பார்க்க வருவார். இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்தில் அசையும் உருவம், பத்தில் ஒன்பது முறை தெரிந்த ஆளாகத்தான் இருக்கும்.

அதனால், முகம் தெரியாத எதன் மீதும் குழலைத் திருப்பக் கூடாது. டார்ச் அடித்து, உரக்கக் குரல் கொடுத்து, பதில் வாங்க வேண்டும். இரவில் மோட்டார் போடப் போகிறவர், போகும்போதும் திரும்பும்போதும் வீட்டுக்குப் போன் செய்வதை வழக்கமாக்குங்கள். 12 போர் தோட்டாவின் ரவைகள் தகரத் தடுப்பிலும் தென்னந்தடுக்கிலும் நிற்காது. தடுப்புக்குப் பின்னால் பண்ணையாளின் குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினைப்பது, குழலை ஆள் பக்கம் காட்டாமல் இருப்பது, சுட முடிவு செய்யும்வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. இந்த நான்கும் கைக்குப் பழக வேண்டும். ‘சேஃப்டி போட்டிருக்கிறேன்’ என்பது பதில் ஆகாது. பல துப்பாக்கிகளில் சேஃப்டி, விசையை மட்டுமே தடுக்கும். கீழே விழும் அதிர்ச்சியில் வெடிப்பதைத் தடுக்காது.

சட்டம் எதுவரை துணை வரும்?

தற்காப்பு உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் சொல்கின்றன. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிர்த்துத் தாக்க உரிமை உண்டு. கொள்ளை, சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது ஆகியவற்றிலும் அந்த உரிமை விரிவாக இருக்கிறது. ஆனால், தேவைக்கு அதிகமான தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் நாட வேண்டும்.

இதை விவசாயி மொழியில் சொன்னால், தேங்காய் திருடியவன், மோட்டார் ஒயரை அறுத்தவன், ஆட்டைத் தூக்கியவன் ஓடும்போது முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. ஆடு திரும்ப வராது; நீங்கள் கொலை வழக்கில் நிற்பீர்கள்.

கோயில் திருவிழா, கல்யாணம் என்று வானத்தைப் பார்த்துச் சுடும் பழக்கத்தையும் 2019-ம் ஆண்டு திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாத காலம்

விளைச்சல் பொய்த்துப்போகும் வருடம் வரும். கடன்காரர் வாசலில் நிற்கும் நாள் வரும். குடும்பத்தில் பெரிய சண்டை, சாவு, குடி என்று மனம் தடுமாறும் காலமும் வரும். அந்தக் காலத்தில், பூட்டிய துப்பாக்கிகூட வீட்டில் வேண்டாம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ, காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவதைப்போலத்தான் இதுவும். அதில் எந்த அவமானமும் இல்லை. மனம் விட்டுப் பேச 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணையோ, 104-ஐயோ அழைக்கலாம். கட்டணம் இல்லை.

காங்கேயம் பெரியவரும் இதைச் செய்திருக்கிறார். ‘‘சம்சாரம் தவறுன வருசம் ஆறு மாசம் கடையில குடுத்து வெச்சிருந்தேனுங்க. ஏன்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல.’’

வாசகர் கேள்விகள்

‘என் தந்தை இறந்துவிட்டார். அவர் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளலாமா?’

உடனடியாக வைத்துக்கொள்ள முடியாது. உரிமதாரர் இறந்ததும், தாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க விதிகளில் வழி இருக்கிறது. முதியவர்கள் இதை முன்கூட்டியே செய்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

‘உரிமம் என் பெயரில் இருக்கிறது. நான் சந்தைக்குப் போகும் நாளில் மனைவி கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமா?’

வேண்டாம். உரிமம் உங்களுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அவருக்குத் தேவை என்றால், அவரும் தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பித்துப் பயிற்சி எடுக்க வேண்டும். நீங்கள் இல்லாத நாளில் அவருக்குப் பாதுகாப்பு, கிரில் கதவும் போனும் பக்கத்து வீட்டுத் துணையும்தான்.

‘உரிமம் உள்ள துப்பாக்கியால், மக்காச்சோளக் காட்டில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுடலாமா?’

கூடாது. காட்டுப்பன்றி, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. துப்பாக்கி உரிமம், வேட்டை உரிமம் ஆகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள். மின்வேலி, அவுட்டுக்காய் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் செத்தவர்களில் மனிதர்களும் உண்டு.

‘துப்பாக்கி திருடுபோய்விட்டால் என்ன செய்வது?’

அந்த நிமிடமே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ‘இரண்டு நாள் தேடிப் பார்ப்போம்’ என்று காத்திருந்தால், அதற்குள் நடக்கும் குற்றத்துக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். துப்பாக்கியின் எண், உரிம எண், தோட்டாக் கணக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பெட்டிக்கு வெளியே வேறு இடத்தில் வைத்திருங்கள்.

‘எனக்கு 68 வயது. தனியாக இருக்கிறேன். முடிவாகச் சொல்லுங்கள், வாங்கலாமா?’

மேலே சொன்ன வேலிகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடியுங்கள். சுவரில் பெட்டியை மாட்டுங்கள். சாவியை இடுப்பில் கட்டி ஒரு மாதம் பழகுங்கள். அந்த ஒரு மாதமும் சாவி உங்கள் இடுப்பை விட்டு இறங்காமல் இருந்தால், அதற்குப் பிறகு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். இடையில் ஒருநாள் அது சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டால், துப்பாக்கி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.